உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர்

இதய வைத்திய வரலாறு: 19

சென்ற இதழை வேலூரில் நிறுத்தியிருந்தோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 3,724 பேருக்குச் செய்த மைட்ரல் வால்வு அறுவையின் பலன்களை ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்டதைப் பார்த்தோம். ஹார்ட்-லங் மெஷின் கிடையாது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது மேலறைக்குள் விரலை நுழைத்து, ஒட்டிச் சுருங்கிய வால்வை விரித்துவிடுகிற வைத்தியம் அது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இருபது முப்பது வயதிலேயே மூச்சிரைத்துக் கிடந்த ஏழைகளுக்கு அது மறுபிறப்பு.

அந்த விரல் எந்த வழியாக உள்ளே போனது என்பதைச் சென்ற வாரம் இடமில்லாமல் விட்டுவிட்டேன். இடது மேலறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பை தொங்குகிறது. அதன் நுனியைத் திறந்து, அதற்குள்தான் சர்ஜன் விரலை விடுவார். அந்தப் பைக்குள் ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்குமோ என்பதுதான் விரல் விடுகிற ஒவ்வொரு முறையும் இருந்த பயம். விரல் பட்டுக் கட்டி நழுவினால் அது மூளைக்கும் போகலாம். இந்தப் பை நம் கதையில் மறுபடியும் வரும்.

வால்வு திறந்தது, மூச்சிரைப்பு குறைந்தது. ஆனால் பலருக்குத் துடிப்பு மட்டும் தாளத்துக்குத் திரும்பவில்லை. வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கி விரிந்துபோன மேலறை, தன் போக்கில் நடுங்கிக்கொண்டே இருந்தது. மருத்துவர்கள் ஏ.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இதுதான். நல்ல இதயத்தில் மேலறையும் கீழறையும் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கும். ஏ.எஃப். வந்த மேலறையில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின்னலைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கீழறைக்குக் கிடைத்த நேரத்தில் கிடைத்ததுதான் துடிப்பு. "நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது கண்ணு, ரெண்டு எட்டு வெச்சா மூச்சு வாங்குது" என்று காங்கேயம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும்போது, அதற்குப் பின்னால் இந்த நடுக்கம் இருக்க வாய்ப்புண்டு. மேலறை சுருங்காதபோது, அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு சொன்ன கணக்குப்படி, ஏ.எஃப். இருந்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் பதினேழு மடங்கு.

நடுக்கத்தை நிறுத்த மனிதர்கள் முதலில் தேடியது மருந்தைத்தான். 1785-இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி எழுதினார். அது வேகத்தைக் குறைத்தது, தாளத்தைத் திருப்பவில்லை. 1912-இல் வென்கபாக் என்ற மருத்துவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, நிறுத்த முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் வென்கபாக். அப்படியானால் இதய நிபுணர்கள் எதற்கு இருக்கிறீர்கள், நானே நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிப் போன மனிதர், மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். இரவில் ஒரு கிராம் கொய்னா சாப்பிட்டிருந்தார். மலேரியாவுக்காகக் கொய்னாவைக் கையோடு வைத்திருந்த கீழை நாட்டு வியாபாரி அவர். நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860 முதல் வளர்த்த அதே சின்கோனா மரத்தின் பட்டையில் இருந்து வருவதுதான் கொய்னா. 1918-இல் ஃபிரே என்ற ஜெர்மன் மருத்துவர், அதே பட்டையில் இருக்கும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஏ.எஃப். வைத்தியத்தில் அதுவே பெரிய துணை. 1962-இல் பெர்னார்ட் லவுன் நெஞ்சின் மேல் மின் ஷாக் கொடுத்துத் தாளத்தை மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். ஷாக் கொடுத்தவுடன் துடிப்பு சீராகும். நாள்பட்ட நோயாளிகளுக்குச் சில வாரங்களிலேயே பழையபடி ஆகிவிடும்.

இன்னொரு மருந்தின் கதையை நம் ஊர்க்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் அது மாட்டில் தொடங்குகிறது. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்த்து மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தீவனம் கெட்டால் மாடு என்ன பாடுபடும் என்று. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது. பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனம்தான் காரணம் என்று ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். தீவனத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

1933 பிப்ரவரி. விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்துப்போன கிடாரியையும், அந்தத் தீவனத்தில் கொஞ்சத்தையும், உறையாத ரத்தம் நிரம்பிய ஒரு பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். சனிக்கிழமை, கால்நடை அலுவலகம் மூடிக் கிடந்தது. திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தார். அது வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம். அந்த ரத்தத்தைப் பார்த்த நாளில் இருந்து லிங்கின் குழு ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ரத்தத்தை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். இன்று வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் மாதாமாதம் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி. டெஸ்ட் எடுத்துக்கொண்டு சாப்பிடுகிற ரத்த மாத்திரை வார்ஃபரினாகவோ அதன் நெருங்கிய சொந்தமான அசிட்ரோமாகவோ இருக்கும்.

பக்கவாதத்தைத் தடுக்க மருந்து வந்துவிட்டது. நடுக்கத்தை அடியோடு நிறுத்த வழி இல்லை. இந்த இடத்தில்தான் கத்தி வருகிறது.

1987 செப்டம்பர் 25. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பார்ன்ஸ் மருத்துவமனையில் ஜேம்ஸ் காக்ஸ் ஒரு நோயாளியின் மேலறைகளைத் திட்டமிட்ட கோடுகளில் வெட்டி, வெட்டிய இடத்தை அப்படியே தைத்தார். காரணம் எளியது. வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு, தழும்பின் வழியே மின்சாரம் பாயாது. மின்னலை சுற்றிச் சுழல இடம் கொடுக்காமல், கீழறையை நோக்கி ஒரே ஒரு பாதையை மட்டும் திறந்துவைக்கிற மாதிரி தழும்புகளை வரைந்தார். மேஸ் ஆபரேஷன் என்று பெயர் பெற்றது. நாள்பட்ட ஏ.எஃப். கூட இதற்குக் கட்டுப்பட்டது. ஆனால் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, மணிக்கணக்கில் வெட்டித் தைக்க வேண்டும். துடிப்புக் கோளாறுக்காக மட்டும் இந்த ஆபத்தை எத்தனை பேர் ஏற்பார்கள்? சர்ஜன்களிலும் கை தேர்ந்தவர்கள் சிலரே இதைச் செய்யத் துணிந்தார்கள். 2002 வாக்கில் ரால்ஃப் டாமியானோ கத்திக்குப் பதில் ரேடியோ அலைச் சூட்டையும் உறைகுளிரையும் வைத்து அதே கோடுகளைப் போடும் வழியைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் வால்வு ஆபரேஷனோடு சேர்த்து இதையும் முடிப்பது பரவலானது.

அதற்கும் முன்பிருந்தே இன்னொரு கூட்டம் தொடைச் சிரை வழியாகக் கம்பி விட்டு அதே இடத்தை அடையப் பார்த்தது. 1981-இல் மெல்வின் ஷைன்மன் முதல்முறையாகக் கதீட்டர் என்ற அந்தக் கம்பி வழியே இதயத்துக்குள் ஒரு மின்பாதையை அழித்தார். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் செய்த வேலை எல்லாக் கணக்கையும் மாற்றியது. அவ்வப்போது வந்து போகும் ஏ.எஃப். உள்ள 45 பேரின் இதயத்துக்குள் கம்பி விட்டு, நடுக்கம் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினார். நூற்றுக்கு 94 இடங்கள் நுரையீரலில் இருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சூடு வைத்து மின்தொடர்பைத் துண்டித்தால் போதும் என்று ஆனது. அப்லேஷன் என்ற வைத்தியம், கதீட்டர் வேலை நடக்கும் கேத் லேப்பில் குடியேறியது அப்படித்தான்.

வந்து போகிற ஏ.எஃப்.-க்கு அது நன்றாகவே பலன் தந்தது. ஏழு நாட்களைத் தாண்டி நிலைத்துவிட்ட ஏ.எஃப்., அதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த ஏ.எஃப்., அத்தனை சுலபத்தில் வழிக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு 1995-லேயே நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரத்து வெள்ளாடுகள் பதில் சொல்லியிருந்தன. மாரிட்ஸ் அலெஸியின் குழு, ஆடுகளின் மேலறையில் கருவி வைத்துச் செயற்கையாக நடுக்கத்தை உண்டாக்கியது. முதல் நாள் நடுக்கம் சில நொடிகளில் நின்றுவிட்டது. கருவி திரும்பத் திரும்பத் தூண்டியது. நாளாக ஆக நடுக்கம் நிற்க நேரம் எடுத்தது. இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலான ஆடுகளுக்குக் கருவி இல்லாமலேயே நடுக்கம் நாள் முழுக்க ஓடியது. ஏ.எஃப். தன்னைத்தானே வேரூன்றச் செய்கிறது என்று காட்டிய ஆய்வு அது. இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேரூன்றியபின் சிரைகளின் வாயை மட்டும் அடைத்தால் போதாது. மேலறையின் பின்சுவரே நோயின் இருப்பிடமாகியிருக்கும்.

அப்படியானால் கம்பியாலேயே பின்சுவரிலும் கோடு போடலாமே? போட்டுப் பார்த்தார்கள். 589 நோயாளிகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், சிரைகளைத் துண்டித்ததற்கு மேல் கூடுதல் கோடுகள் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கம்பி உள்பக்கமிருந்து சுடுகிறது. சூடு சுவரின் முழுக் கனத்துக்கும் இறங்க வேண்டும். சுவருக்கு வெளியே கொழுப்பு, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய். அழுத்திச் சுட்டால் உணவுக்குழாயில் ஓட்டை விழும், அது பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். பயந்து சுட்டால் கோட்டில் இடைவெளி விழும். கிளுவை வேலியில் ஒரு சந்து இருந்தால் போதும், ஆடு நுழைந்துவிடும். மின்னலையும் அப்படித்தான்.

சர்ஜனுக்கு வெளிப்பக்கம் தெரியும், உள்ளே மின்னோட்டம் நின்றதா என்று பார்க்கும் கருவி அவர் கையில் இல்லை. கம்பி வைத்தியருக்கு உள்ளே ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் மின்சாரத்தை அளக்கத் தெரியும், வெளிச்சுவரைத் தொட முடியாது. இருவரும் ஒரே நோயாளியிடம் வந்து நிற்க 2009 வரை ஆயிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆண்டி கைசர் என்ற சர்ஜன் கன்வெர்ஜென்ட் என்ற முறையை உருவாக்கினார். மாஸ்திரிக்டில் மார்க் லா மீரும் லாரன்ட் பிசோனும் நெஞ்சின் பக்கவாட்டில் துளைகள் போட்டு ஒரே அமர்வில் இருவேலையும் முடிக்கும் வழியை எடுத்தார்கள்.

கன்வெர்ஜென்ட் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நோயாளி முழு மயக்கத்தில் இருக்கிறார். நெஞ்செலும்பைப் பிளப்பதில்லை, இதயத்தை நிறுத்துவதும் இல்லை. நெஞ்செலும்பு முடிகிற நெஞ்சுக்குழியில் சிறிய கீறல். அதன் வழியே கேமராவும் கருவியும் இதயத்தின் பின்னால் போகின்றன. கருவி உறிஞ்சலால் மேலறையின் பின்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உணவுக்குழாய்க்குள் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள், சூடு கூடினால் நிறுத்த வேண்டும். சுடும் முனை இதயத்தைப் பார்த்து இருக்கிறது, உணவுக்குழாய்க்கு முதுகு காட்டி இருக்கிறது. சர்ஜன் இடம் மாற்றி மாற்றிக் கோடு கோடாகப் பின்சுவர் முழுவதையும் வெளியிலிருந்து செயலிழக்கச் செய்கிறார். அதன்பிறகு, சில இடங்களில் அன்றே, சில இடங்களில் வாரங்கள் கழித்து, மின்னியல் வைத்தியர் தொடைச் சிரை வழியாகக் கதீட்டரை ஏற்றுகிறார். இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போகிறார். திரையில் மேலறையின் மின்வரைபடம் நிறம் நிறமாக எழும்புகிறது. சர்ஜன் சுட்ட இடம் மின்சாரம் இல்லாமல் கிடக்கும். எங்கே இன்னும் உயிர் இருக்கிறதோ அங்கே இவர் உள்ளிருந்து சூடு வைத்து அடைக்கிறார். சிரைகளின் வாயையும் முடிக்கிறார். இடதுபக்கத் துளை வழியே போய், அந்தப் பழைய பையின் கழுத்தில் கிளிப் மாட்டி மூடிவிடுவதும் உண்டு. வேலூரில் விரல் நுழைந்த அதே பை. அதை மூடுவதில் பலன் இருக்கிறது. வேறு காரணத்துக்காக இதய அறுவை செய்துகொண்ட 4,770 ஏ.எஃப். நோயாளிகளைப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், பையை மூடாதவர்களில் 7 சதவீதத்தினருக்கும் மூடியவர்களில் 4.8 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் முதலான அடைப்பு வந்தது.

கூட்டு வைத்தியம் பலன் தந்ததா? 2020-இல் வெளியான கன்வெர்ஜ் ஆய்வில் 153 நோயாளிகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கூட்டு வைத்தியம் பெற்றவர்களில் 67.7 சதவீதத்தினர் கோளாறு இல்லாமல் இருந்தார்கள். கம்பி மட்டும் பெற்றவர்களில் 50 சதவீதம். 2023-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது, 71.6-க்கு 39.2. 2021-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி தந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கன்வெர்ஜ் ஆய்வில் கூட்டு வைத்தியம் பெற்றவர்களில் 7.8 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வந்தது, கம்பி மட்டும் பெற்றவர்களில் யாருக்கும் வரவில்லை. ஆகவே, அவ்வப்போது வந்து போகும் ஏ.எஃப்.-க்கு இது தேவையில்லை. நாள்பட்டு, மேலறை விரிந்து, மருந்தும் ஷாக்கும் கைவிட்டவர்களுக்கு, இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிற மருத்துவமனையில் மட்டுமே இது தகும் என்பது என் முடிவு.

நம் நாட்டில் கத்தியும் கம்பியும் சேர்ந்த பாதை பெரும்பாலும் வால்வு வழியாகவே வந்தது. நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றும்போதே மேலறையில் கோடுகளைச் சுட்டுவிடுவது, பிறகு மிச்சமிருக்கும் கோளாறைக் கதீட்டரால் தேடி அடைப்பது. மாற்றுகிற வால்வுகளில் ஒன்று நம் பக்கத்து வீட்டுச் சரக்கு. எம். எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையம் வடிவமைத்து, சென்னையின் டி.டி.கே. நிறுவனம் தயாரித்த சித்ரா வால்வு, 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கூடு, பிளாஸ்டிக் தட்டு, இதயத்தோடு சேர்த்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணி வளையம். திருப்பூர்க்காரர்களுக்குத் துணி இங்கேயும் உண்டு என்பதில் சந்தோஷம் இருக்கும். இந்த வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ரத்த மாத்திரை சாப்பிட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு பெரிய தீர்ப்பு 2022-இல் வந்தது. பி.டி. டெஸ்ட் தேவைப்படாத புதிய மருந்துகள் வந்த பிறகு, பழைய மருந்து இனி எதற்கு என்ற பேச்சு எழுந்தது. டெல்லி எய்ம்ஸின் ஜி. கார்த்திகேயன் முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வு, 24 நாடுகளில் ருமாட்டிக் வால்வு நோயும் ஏ.எஃப்.-உம் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டது. பழைய மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவும் பாதிப்பும் குறைவு. பணக்கார நாடுகள் மறந்துபோன நோயாளிகளை வைத்து நம்மவர் செய்த ஆய்வு உலக வைத்தியத்தையே திருத்தியது. கிடாரியைச் சுமந்துவந்த அந்த விவசாயியின் மருந்து, வேலூர் நோயாளிகளின் வாரிசுகளை இன்றும் காக்கிறது.

இனி நம் ஊர். காங்கேயத்திலும் திருப்பூரிலும் இன்று ஏ.எஃப். வருவதற்குக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல் மட்டும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், குடி, முதுமை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எண்ணெய் மில்லிலும் அரிசி ஆலையிலும் பனியன் கம்பெனியிலும் ஷிஃப்ட் பார்த்து ஓய்ந்தவர்களுக்கு, படபடப்பு என்றால் வேலைக் களைப்பு, மூச்சு வாங்கினால் வயசு. அந்த அலட்சியத்தில் போகிற மாதங்களில்தான் அந்த ஆடுகளுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கிறது. நோய் தெரிந்த ஒரு வருடத்துக்குள் தாளத்தை மீட்க முயன்றால் பக்கவாதமும் இதயநோய்ச் சாவும் குறைகின்றன என்று 2,789 பேரை வைத்துச் செய்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிவிட்டது. காலத்தோடு வந்தால் மாத்திரையோ கம்பியோ போதும். கத்தியும் கம்பியும் சேர்ந்து வேண்டிய நிலைக்கே போக வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பார்ப்பதையும் கட்டாயமாக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். காசு செலவில்லை, கருவி தேவையில்லை. அதுவரை நாமே செய்யலாம். அறுபதைத் தாண்டிய உங்கள் அப்பச்சி, அம்மாயி, அப்பா, அம்மா கையைப் பிடித்துக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி தாறுமாறாக இருந்தால் அன்றே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ரத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், துடிப்பு சரியாகிவிட்டது என்றோ கீரை சேரவில்லை என்றோ தாமாக நிறுத்தாதீர்கள். பி.டி. டெஸ்ட் தேதியையும் தவறவிடாதீர்கள்.

அடுத்த இதழில் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. 1975-இல் கே. எம். செரியன் அங்கே செய்த இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை.

(தொடரும்)